பிழை திருத்தம்

மிலோய்கா ஸ்கோச்சிரின் நான்கு நூல்களுக்கும்
சொல்லடைவு தயாரித்தவன் நான்.
அவரை நான் படித்ததெல்லாம்
கடைசிப் பக்கத்திலிருந்துதான்.

முதல் நூலில் தளபதிகள்
பக்க எண்களைப் பதக்கங்களாய்
மார்பு நிறையக் குத்திக்கொண்டு நின்றார்கள்.
சோச்சா ஆறு ஒரு நீலக் கோடு.
அம்புக்குறிகள் அதைக் கடந்தன,
நனையாமல்.
ராணுவக் கல்லூரி அதைப் பாடமாக வைத்தது.

இரண்டாவது, பீரங்கிகளுக்கு.
மூன்றாவதில் கோவேறு கழுதைகள்
மூச்சிரைக்க மலையேறி வந்தன.
"இது போர் வரலாறா, கால்நடைக் கணக்கா?"
வியன்னாவில் ஒரு மதிப்புரை கடித்தது.
அவர் அதைக் கத்தரித்து
காபித்தூள் டப்பாவில் ஒட்டிவைத்தார்.

பிறகு டொல்மினிலிருந்து ஒரு தபால் அட்டை.
பென்சில் எழுத்து, பாதி அழிந்தது.

"முதல் நூல், பக்கம் 212.
மேற்குச் சரிவு, அக்டோபர் மூன்று:
'இழப்பு சொற்பம்' என்று எழுதியிருக்கிறீர்கள்.
அந்தச் சொற்பத்தில் ஒருவர் யூஸ்த் ம்லெகுஷ்.
என் தகப்பனார். செருப்புத் தைப்பவர்.
இடது காது கேட்காது."

பதினொரு வருடம்
அவரிடமிருந்து ஒரு வரி அச்சேறவில்லை.
சம்பளப் பட்டியல், மருத்துவமனைப் பதிவேடு,
சலவைக்குப் போன போர்வைகளின் கணக்கு...
தூசி மூக்கில் ஏறி ஏறி
குரலே மாறிவிட்டது.
ஒரு ராத்திரி தொலைபேசியில் கேட்டார்:
"சொற்பம் என்றால் எத்தனை பேர்
என்று நினைக்கிறாய்?"
ஏழெட்டு இருக்கும், என்றேன்.
"நூற்றுப் பதினான்கு.
நானும் அன்று ஏழெட்டு என்றுதான் நினைத்தேன்."
வைத்துவிட்டார்.

நான்காவது நூலின் அடைவு
இன்னும் என் கையெழுத்தில் இருக்கிறது.
தளபதி: ஒரே இடம், பல்வலி.
மழை: நாற்பத்தோரு இடம்.
பூட்ஸ்: காண்க, ஈரம்; காண்க, கால் விரல்;
காண்க, ம்லெகுஷ், யூஸ்த்.

இருநூறு பிரதி அச்சிட்டோம்.
கல்லூரி வாங்கவில்லை.
முதல் பிரதி டொல்மினுக்குப் போனது.
மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு அட்டை,
அதே பென்சில்:
"படித்தேன். மன்னிக்கவும்.
அத்தை சொல்கிறாள், வலது காதாம்."

மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றொன்பது பிரதிகளிலும்
தன் கையாலேயே துண்டுச்சீட்டு ஒட்டினார் மிலோய்கா.
பசை உலரும்வரை
ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்திருந்தார்.

பக்கம் 9, வரி 4:
'இடது' என்பதை
'வலது' எனக் கொள்க.