இடது மோதிர விரல்

மார்கழியில் எண்ணெய் உறைந்துவிடும்.
அதனால் டப்பாவைச் சட்டைப் பைக்குள்
உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டே
ரேஷன் கடையைத் திறக்கிறேன்.

பாம்பனில் குளிர் என்று சொன்னால்
ஊட்டிக்காரன் சிரிப்பான்.
சிரிக்கட்டும்.
இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து
பாறையிடுக்கில் பாசி பறித்தவனில்லை அவன்.
கரையேறியதும் வாடைக்காற்று வந்து
ஈரத்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டு
உப்பை விரலிலேயே விட்டுப்போகும் கணக்கு
அவனுக்குத் தெரியாது.

இந்த ஊரில் எனக்கு
முகத்தைவிடக் கைதான் பழக்கம்.
ஐஸ் உடைக்கும் லூர்து ரெக்சனின் கட்டைவிரல்
நடுவில் பிளந்து ஓரமெல்லாம் வெளுத்திருக்கும்.
நண்டுக் கம்பெனி ஜெய்னம்புவுக்கு
ஓடு கீறிய கோடுகள் குறுக்கே ஓடும்,
ரேகையென்று நினைத்து அதையும் சேர்த்துப் படித்து
குழம்பி நிற்கும் மெஷின்.
கருவாடு காயப்போடும் சந்தியாகுவுக்கு
படிக்கவே ஒன்றும் கிடையாது.
தேய்ந்த தோசைக்கல்.

'மீண்டும் முயலவும்' என்கிறது உள்ளிருக்கும் பெண்குரல்.
வாடை வீசாத ஏதோ ஓர் அறையில்
கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருப்பாள்.

எண்ணெய் தொட்டுக் கொடுப்பேன்.
குறைந்தால் வறட்சி என்று தள்ளும்,
கூடினால் வழுக்கல் என்று தள்ளும்.
சேலையில் துடைக்கணும், ஊதணும்,
மூச்சுச் சூடு ஆறுவதற்குள் அழுத்தணும்.
எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில்
இதெல்லாம் இல்லை.

போன மாதம் நம்புசெல்வி பத்து விரலும் வைத்தாள்.
பத்துக்கும் சிவப்பு.
"பதினொண்ணாவது இல்லையேண்ணே" என்றாள்.
வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.
கண்ணைப் பார்க்கும் கருவி பழுதுக்குப் போயிருந்தது,
நம்பர் வரவேண்டிய போன் புருசன் கையில்,
புருசன் கடலில்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்:
ராத்திரி வெந்நீரில் கை முக்கு,
ஈரம் முழுசாய்க் காயுமுன் எண்ணெய் பூசு,
பிள்ளையின் பழைய சாக்ஸை மாட்டிக்கொண்டு படு.
"நல்ல தண்ணி கொடம் பத்து ரூவா,
அதைக் கைக்கு ஊத்தச் சொல்றீக.
சாக்ஸ் மாட்டிப் படுத்தா
கொசுவ எவன் அடிப்பான்?"
வெறும் பையை உதறி மடித்துக்கொண்டு போனாள்.

இன்று வந்தாள்.
இடது மோதிர விரலில்
சைக்கிள் டியூபில் வெட்டிய உறை.
அதற்குள் துணி. துணிக்குள் இன்னொரு துணி.
காயம்போல என்று நினைத்தேன்.
நிதானமாக அவிழ்த்தாள்.

உள்ளே இருந்தது அவள் விரலே இல்லை.
கஞ்சியில் ஊறியதுபோல் மெதுவாய், வெளிறி,
மற்ற ஒன்பதுக்கும் உறவென்று சொல்லமுடியாமல்.
தண்ணீர் வற்றிய நேரத்து மணல்வரிபோல
ரேகை ஒவ்வொன்றும் எழுந்து நின்றது.

"எல்லாத்தையும் காப்பாத்த ஏலாதுண்ணே.
ஒம்போது கடலுக்கு.
ஒண்ணு கவுருமெண்டுக்கு."

முதல் தடவையிலேயே பச்சை.

அரிசி, சீனி, பாமாயில்.
பையைத் தூக்குமுன்
அந்த ஒரு விரலைத் திரும்பச் சுற்றினாள்,
முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள்.
டப்பாவை நீட்டினேன்.
வெடித்த ஒன்பதையும் விரித்துப் பார்த்து
"இதுகளுக்கு எதுக்கு" என்றாள்.

பிறகு
நான் ரசீது கிழிக்கத் திரும்பிய நேரம்
சுண்டுவிரலுக்கு மட்டும்
கொஞ்சம் தொட்டுக்கொண்டாள்.