ஈரத் தரை

ரிமாண்டு அறிக்கை, நான்கு பக்கம், மூன்று பிரதி.
மெஷினுக்குள் பச்சை வெளிச்சம்
வரி வரியாக ஊர்ந்து போனது.
என் கண் பதினோராவது வரியில் நின்றுவிட்டது:
'நிலையக் கழிவறையின் ஈரத் தரையில்
தானாக வழுக்கி விழுந்ததில்
வலது முன்கையில் எலும்பு முறிவு.'

மாதேஷ் என் பெரியப்பா மகன்.
ஓசூர் கம்பெனியில் அப்ரண்டிஸ்.
லேத்தில் இரும்பை
மயிரிழை அளவுக்குச் சீவுகிற கை அது.

அன்றைக்கு வண்டியில் பின்னால் இருந்தது நான்தான்.
இண்டூர் தாண்டி ஒரு வளைவில் டார்ச்சை ஆட்டினார்கள்.
வண்டி யாருது?
என்னுது சார்.
வண்டி யாருதுடா?
ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ்,
தவணை கட்டிய பதினாலு ரசீது,
ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினான்.
எல்லாம் படித்துப் பார்த்த பிறகு
எந்தக் காகிதத்திலும் இல்லாததைக் கேட்டார்:
ஊரா, காலனியா?

காலனி, என்றான்.
பிறந்த தேதியைச் சொல்வது மாதிரி,
நிமிர்ந்து நின்றுகொண்டு.

'குனிஞ்சு நின்னிருக்கலாம்'
என்று பிற்பாடு சொன்னவர்கள்
எங்கள் தெருக்காரர்கள்தான்.
நானும் ஒரு ராத்திரி முழுக்க
அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.
அதை இங்கே எழுதிவைக்கிறேன்,
இல்லாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

என்னை ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள்.
அவன் மேல் செயின் பறிப்பு.
யார் செயின், எந்த ஊர்,
அது அறிக்கையில் மூன்று பக்கத்துக்கு இருக்கிறது.

மறுநாள் பன்னிரண்டாம் வகுப்பு பி குரூப்பில்
அவன் போட்டோ வந்தது.
கழுத்தில் தொங்கும் மாவுக்கட்டு,
பாதி மூடிய கண்.
'பாத்ரூம் சேவை' என்று எழுதி
சிரித்துச் சிரித்து அழும் மூஞ்சிகள் பதினேழு.
அதில் இரண்டு
என் பெஞ்சில் உட்காருபவை.

எங்கள் வீட்டில் அடகுக் கடை காலண்டர் ஒன்று உண்டு.
தண்ணீர் வந்த நாளை
அம்மா சிவப்பில் வட்டம் போடுவாள்.
ஆறு பதினைந்து மைலில் பாறை பாறையாகக் கொட்டுகிறது,
எங்கள் குழாய்க்கு எட்டு நாளைக்கு ஒரு தடவை,
அதுவும் நாற்பது நிமிஷம்.
ஸ்டேஷன் இருப்பது காலனி முனையில், வாடகைக் கட்டடம்.
எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே வால்வு.
எங்கள் குடம் காயும்போது
அவர்கள் தொட்டியும் காயும்.
பன்னிரண்டாம் தேதி வட்டம்.
இருபதாம் தேதி வட்டம்.
மாதேஷ் வழுக்கி விழுந்தது பதினேழாம் தேதி.

வக்கீலம்மா காலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
லாரித் தண்ணி வாங்கினோம்னு சொல்வாங்க, என்றார்.
டிரம்மில் பிடித்து வைத்திருந்தோம் என்பார்கள்.
சொல்லட்டும்.
லாரிக்கு ரசீது எங்கே என்று
ஒருவராவது கேட்பார்கள் இல்லையா.
அவன் கேட்காமலேயே
பதினாலு ரசீது காட்டினானே.

சனிக்கிழமை கடையில் காலண்டரைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன்.
வட்டம் கருப்பாகத்தான் விழுந்தது,
கலர் பக்கத்துக்குப் பத்து ரூபாய்.
நிகிலேஷ் வந்தான்.
அந்தப் பதினேழில் ஒருவன்.
சாதிச் சான்றிதழ், இரண்டு காப்பி.
என்னைப் பார்த்ததும் போனை எடுத்தான்,
திரும்பப் பாக்கெட்டில் போட்டான்.

தட்டில் கிடந்த தாளைக் காட்டி
என்ன வட்டம் இது, என்றான்.
தண்ணி வந்த நாள்.
பக்கத்திலேயே ரிமாண்டு அறிக்கை கிடந்தது.
பதினோராவது வரி மேலாக.

அவன் விரல் நாட்களை எண்ணியது.
பதின்மூன்று, பதினான்கு,
பதினேழில் கொஞ்சம் நின்றது,
பிறகு இருபது வரைக்கும் போனது.

'எட்டு நாளைக்கு ஒரு வாட்டியா?
எங்க தெருவுல தெனமும் வருதே.'

அதை மட்டும்தான் கேட்டான்.
நாலு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் நாணயம் வைத்தான்.
மீதிக்குக் கை நீட்டவில்லை.
நான் விடவில்லை,
டிராயரைக் குடைந்து ஒரு ரூபாயைத் தேடி
அவன் சான்றிதழின் மேல் வைத்தேன்.