ஒரு கிராமின் உள்ளே

ஹுஃபூஃபில் பேரீச்சை பொதிகிற கூடத்திலிருந்து
ஞாயிறுதோறும் ஒரு சாக்கு கொட்டை வரும்.
தோளிலிருந்து இறக்கிவைத்து ஷொஹிதுல் சொல்வான்:
"நேசன் பாய், உங்க குப்பை."
அவன் வங்காளத்தில் பாதி, என் இந்தியில் பாதி.

கழுவுவேன், காயவைப்பேன், இடிப்பேன்.
பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் பிசைந்து
குழாய் உலைக்குள் தள்ளுவேன்.
ஆர்கான் மெல்ல ஊதும்.
நிமிடத்துக்கு ஐந்து டிகிரி, அதற்கு மேல் கூடாது.
எண்ணூறில் ஒரு மணி நேரம் நிற்கவேண்டும்.
வெளியே, நள்ளிரவில், முப்பத்தெட்டு.

பிறகு அமிலம், பிறகு தண்ணீர்.
பதினோரு தடவை அலசினால்தான்
வடிநீர் ஏழுக்கு வரும்.
ஒருமுறை பத்தோடு நிறுத்திவிட்டேன்.
டாக்டர் மஹா வரைகோட்டைப் பார்த்தே
யார் வேலை என்று கேட்டார்.

மிஞ்சுவது கரும்பொடி.
தராசின் முன் மூச்சை அடக்கவேண்டும்,
இல்லையென்றால் சம்பளத்தையே ஊதிவிடலாம்.
நைட்ரஜனை உள்ளே விட்டு அளந்தார்கள்:
ஒரு கிராமுக்கு
இரண்டாயிரத்து நூறு சதுர மீட்டர்.
ஐம்பத்திரண்டு சென்ட்!
பட்டா இல்லை, வில்லங்கம் இல்லை,
ஒரு கரண்டி நுனியில்.

எங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு.
ஆறு கட்டில், மேலும் கீழுமாக.
கணக்குப் போட்டேன்: நூற்றெண்பத்தெட்டு அறை,
ஆயிரத்து நூற்றிருபத்தெட்டுப் பேர்
கால் நீட்டலாம் அந்தக் கரிக்குள்.
கழிவறைக்கு வரிசை எப்படி என்று
கணக்கில் வரவில்லை.

துளையின் வாய் ஒரு நானோமீட்டர்கூட இல்லை.
அயனி தண்ணீரைப் போர்த்திக்கொண்டு வரும்.
அப்படியே நுழைய முடியாது.
போர்வையை வாசலில் விட்டுவிட்டு
வெறும் மேலோடு
சுவரை ஒட்டி நிற்கும்.
பலகையில் மஹா இதை வரைந்தபோது
எனக்குத் தமாம் விமான நிலையம்:
பெல்ட், பர்ஸ், செருப்பு, அம்மா கட்டிய கயிறு
எல்லாம் நீலத் தட்டில் போக
கால்சட்டையைப் பிடித்தபடி நான்.
"என்ன சிரிப்பு?" என்றார்.
"ஒன்றுமில்லை டாக்டர்."

பேட்டரிக்குள் பொருளே மாறுகிறதாம்.
இதில் யாரும் மாறுவதில்லை.
வருகிறார்கள், ஒட்டி நிற்கிறார்கள்,
கூப்பிட்டதும் போகிறார்கள்.
பத்தாயிரம் தடவை.
ஆனால் கொள்வது குறைவு.
அதற்காகத்தான் கரியின் மேல்
மாங்கனீசு ஆக்சைடு இதழ்களை வளர்க்கிறோம்.
இதழ் அடர்ந்தால் ஆற்றல் கூடும்.
கூடியது போன மாதம்
மூவாயிரமாவது சுற்றில் உதிர்ந்தது.
மஹா அன்று மதியம் சாப்பிடவில்லை.

எனக்கு இருபத்தேழாம் தேதி ஏறும்,
இருபத்தெட்டு பகலுக்குள் இறங்கிவிடும்.
இந்தத் திறனை எந்த வரைகோட்டிலும்
தாராளமாகக் காட்டலாம்.

நேற்று இரவு மூன்று மணிக்கு
வேலை முடிந்து ஷொஹிதுல் வந்தான்.
சட்டையெல்லாம் பாகு, கையில் ஒரு பழம்.
மூன்று செல்களை வரிசையாகக் கோத்தேன்.
எட்டு வினாடி ஏற்றி
ஒரு சிவப்பு விளக்கில் மாட்டினேன்.
கைபேசியில் நேரம் பார்த்தான்.
நான்கு நிமிடம் பத்து வினாடி
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.
மங்கி, நூலாகி, போயிற்று.

"இதுக்கா ஒரு சாக்கு?"
"சாக்கா? அரைக் கொட்டைகூட இல்லை."

ஆய்வகத்தில் தின்னக் கூடாது.
சுவரில் மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறது.
மூன்றுமே அவன் மொழியில்லை.
நான் உலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மென்று முடித்து,
கொட்டையைச் சட்டையில் துடைத்து,
வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்து,
சாக்கில் போட்டான்.

"இன்னொரு தடவை ஏத்து, பாய்."