ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

வங்கிக்காரர்கள் பிக்கப்பை ஓட்டிப்போன மறுநாள்
கம்பி வெட்டும் குறடோடு போய்
ஜீப்பின் முன்னால் நின்றேன்.

பத்தொன்பது வருஷமாக அது வண்டியில்லை,
வேலிக்கம்பம்.
கிழக்கிலிருந்து வரும் ஏழு கம்பிகளை
அவுரேலியோ நவேல்கிர் முன் பம்பரில் முறுக்கியிருந்தான்.
மேற்கிலிருந்து வரும் என் ஏழும் பின் கொக்கியில்.
மூக்கு அவன் நிலத்தில், வால் என் நிலத்தில்.
சுபுட் சமவெளியின் காற்று
இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடித்து
பச்சைப் பெயின்ட்டைச் சாம்பலாக்கிவிட்டிருந்தது.

நிறுத்தியவன் என் கணவன்.
"கிளட்ச் சறுக்குது டெல்ஃபினா, நாளைக்குப் பார்க்கிறேன்."
சாவியை அதிலேயே விட்டுவிட்டு
கொமொடோரோவுக்கு, எண்ணெய்க் கிணற்று வேலைக்கு,
பஸ் ஏறினான்.

பிளக் நான்கையும் கழற்றினேன்.
துளைக்கு ஒரு கரண்டி டீசல்.
மூன்று இரவு ஊறவிட்டு
கைப்பிடியைச் செருகித் தொங்கினேன். ம்ஹூம்.
நான்காம் நாள் ஒரு விரற்கடை.
அப்புறம் முனகிக்கொண்டே ஒரு முழுச் சுற்று.

ஏர் ஃபில்ட்டருக்குள் எலிக்கூடு.
என் ஆட்டின் நீலக்குறி ரோமமும்
அவன் ஆட்டின் செங்குறி ரோமமும்
பிரிக்க முடியாதபடி பின்னி
ஆறு குஞ்சுகள்.
தொப்பியில் எடுத்துப் புதரடியில் வைத்தேன்.

டாங்கைத் திறந்தால் வார்னிஷ் வாடை.
அதை நம்பாமல், லிட்டர் பாட்டிலில் பெட்ரோல் நிரப்பி
கண்ணாடிச் சட்டத்தில் தலைகீழாகக் கட்டினேன்,
ஆஸ்பத்திரிக் கட்டிலில் குளுக்கோஸ் போல.
பாயிண்டைத் தேய்க்க நகம் ராவும் அரம்.
பேட்டரி, விற்காமல் கிடந்த டிராக்டருடையது.

சத்தம் வந்தது. ஆனால் உறுமல் இல்லை.
டப்.
கார்புரேட்டர் வழியாக ஒரு தும்மல், கொஞ்சம் தீ.
மறுபடி டப்.

ஏழாவது டப்புக்கு அவுரேலியோ குதிரையில் வந்தான்.
"என் கம்பத்தை என்ன செய்கிறாய்?"
"என் வண்டியை."
இறங்கினான். மாத்தே குடுவையை எடுத்து
எனக்குத் தராமல் உறிஞ்சினான்.
இன்னும் நான்கு டப் பொறுத்திருப்பான்.

"வயரை எப்படிச் செருகினாய்?"
"ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு."
"பள்ளிக்கூடத்தில்தான் அப்படி.
இதற்கு ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு."
"உனக்கெப்படித் தெரியும்?"
குடுவைக்குள் பார்த்தான்.
"மூடியும் வயரும் ஒன்பது வருஷம்
என் தண்ணீர் பம்ப்பில் இருந்தன.
போன கோடையில் திருப்பி வைத்துவிட்டேன்."

திட்டுவதற்கு நேரமில்லை, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.
மாற்றிச் செருகினேன்.
கட்டைவிரலை மடக்காமல் கைப்பிடியைப் பிடித்தான் அவன்.
உதைத்தால் எலும்பு போகும் என்று தெரிந்த பிடி.

ஒன்று.
மூன்று நான்கு.
இரண்டு.
ஒன்றுமூன்றுநான்கிரண்டு ஒன்றுமூன்றுநான்கிரண்டு
சைலன்சர் ஓட்டை வழியே துரு பறந்தது
குதிரை அறுத்துக்கொண்டு ஓடியது
நான் அழவில்லை, கண்ணில் புகை.

பதினான்கு கம்பியையும் வெட்டிவிட்டு
முதல் கியர் போட்டேன்.
சக்கரங்கள் குழியிலிருந்து பிய்த்துக்கொண்டு ஏறின.
கிளட்ச் சறுக்கவில்லை.
துளிகூடச் சறுக்கவில்லை.
பத்தொன்பது வருஷத்துக்கு முன்பும்
சறுக்கியிருக்காது.

திரும்பிப் பார்த்தால்
புல் முளைக்காத ஒரு செவ்வகம், நான்கு மூலையிலும் குழி.
அதற்குள் அவன் ஆடு மூன்று, என் ஆடு இரண்டு
என்ன செய்வதென்று தெரியாமல்.

அவுரேலியோ ஒரு கம்பத்தைத் தோளில் தூக்கி வந்தான்.
பின் சக்கரக் குழியில்தான் நடுவானாம்.
முன் சக்கரக் குழி என்றேன்.
மூன்று மீட்டர்.
"எஞ்சினை நிறுத்து, பேசுவோம்" என்று கத்தினான்.
"நிறுத்தமாட்டேன்,
மறுபடி கிளம்பாவிட்டால்?"

பாட்டிலில் இன்னும் நான்கு விரல் பெட்ரோல்.
அதுவரைக்கும் கத்திக்கொண்டிருந்தோம்.