மூன்றாம் எண் நெடுஞ்சாலை, பின்னிரவு

அறுபத்தெட்டாம் நிமிடம் என்றான் வால்தேமார்.
எழுபத்தொன்று என்றாள் மிர்த்தா.
பஸ் இன்னும் மாண்டிவிடியோவைத் தாண்டவில்லை,
அதற்குள் நிமிடத்திலேயே தகராறு.

பதினேழு பேர். ஒரு டிரம்.
ஈரக் கொடி ஜன்னல் கம்பியில் தொங்கி
ஒவ்வொரு வளைவிலும்
யாராவது ஒருவரின் முகத்தைத் துடைத்துவிடுகிறது.

இரிகாராய் காலை நீட்டினான்.
அதுவரை எல்லோருக்கும் சம்மதம்.
"பந்துதான் முதலில்! சத்தம் கேட்டதே,
பந்தின் சத்தம்!"
"எலும்புக்கும் அதே சத்தம்தான்" என்றான் மில்தன்.
கறிக்கடைக்காரன் சொன்னால்
மறுத்துப் பேச முடியவில்லை.

பிறகு பருவக் கணக்கு.
பதினொரு கோல்.
"நாலு பெனால்டி, கழி."
"அப்படியானால் உன் சம்பளத்தில்
ஓவர்டைமையும் கழி."
ஏப்ரலில், சாண்டா லூசியாவின் சேற்றில்,
நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடித்த
அந்த நாற்பது மீட்டர் பாஸ்.
பந்து காற்றில் யோசித்துக்கொண்டே போய்
சரியான ஆளின் மார்பில் இறங்கியது.
அதை மட்டும் யாரும் கழிக்கவில்லை.
அதைப் பேசுகையில் பஸ்ஸே ஒரு கட்சி.

"ஆகஸ்டுக்கு அப்புறம் பந்து போனால்
பின்னால் ஓடினானா?
இடுப்பில் கையை வைத்து நின்றான்,
கடைசி வண்டியை விட்டவன் மாதிரி."
"இன்றைக்கு ஓடினானே!"
"ஓடினதுதானே வினை!"
"முழங்காலில் ஊசி. மருந்துக்கடையில்
என் மச்சினி இருக்கிறாள்..."
"உன் மச்சினிக்குத் தெரியாத முழங்கால்
இந்த மாகாணத்தில் இல்லை."

திரினிதாத் பெட்ரோல் பங்கில் வண்டி நின்றது.
டிரைவர் திரும்பிக் கேட்டார்,
"அதெல்லாம் சரி, ஆட்டம் என்ன ஆச்சு?"
ஒரு நொடி யாருக்கும் நினைவில்லை.
ஒன்றுக்கு ஒன்று.
ஆமாம், ஒன்றுக்கு ஒன்று.

அப்போதுதான் நிபியா வாய் திறந்தாள்.
பல் மருத்துவரிடம் வேலை,
இருபத்தாறு வருஷமாய்
மனிதர்களின் வாயையே பார்த்து வருபவள்.
"சிவப்பு அட்டையைத் தூக்கியதும்
நடுவரிடம் ஒரு சொல் சொன்னான்.
திட்டவில்லை. 'நன்றி' என்றான்."

டிரம்மைத் தட்டிய விரல்கள் நின்றுபோயின.

எங்கள் ஊரில்
அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் செலவழிப்போம்.
மாத்தேக் குடுவை கைமாறி வரும்போது
வாங்கியவன் பேசாமல் உறிஞ்சிவிட்டு
பேசாமல் திருப்பித் தருவான்.
நன்றி என்றால்
எனக்குப் போதும்,
அடுத்த சுற்றில் என்னை விட்டுவிடு என்று பொருள்.

"நக்கல்" என்றான் வால்தேமார். "சுத்த நக்கல்."
மிர்த்தா எதுவும் சொல்லவில்லை.
அவள் முதுகில் அவன் எண், எட்டு,
ஓரம் உரிந்து.
"முப்பத்தி நாலு வயசு" என்றார் யாரோ
இருட்டிலிருந்து,
வயதைச் சொன்னாரா, வக்காலத்து வாங்கினாரா,
தெரியவில்லை.

நான் இதுவரை பேசவில்லை.
கார்னர் கொடிக்குப் பின்னால்
கம்பியில் நெற்றியை அழுத்தி நின்றவன் நான்.
நாலு மீட்டர்கூட இராது.
பந்து போய்விட்டிருந்தது.
அவன் அது போவதைப் பார்த்தான்.
பார்த்த பிறகுதான் கால் வந்தது,
கோபமில்லாமல், அவசரமில்லாமல்,
விளக்கை அணைத்துவிட்டு
கதவைச் சாத்துகிறவனைப் போல.

சொல்லியிருக்கலாம்.
மில்தன் கையைத் தூக்கிக் கத்தியிருப்பான்.
வால்தேமார் ஒரு மாதம்
என் கடையில் டயருக்குக் காற்றடிக்க வரமாட்டான்.
இதெல்லாம் காரணமில்லை.

ரியோ நெக்ரோ பாலத்தில் ஏறும்போது
குடுவை என்னிடம் வந்தது.
இலையில் ருசி போய் வெகுநேரம்,
வெந்நீரும் ஆறிவிட்டது.
கீழே ஆறு இருக்கிறது என்று
சத்தத்தால்தான் தெரிந்தது.
குழல் கொர்ரென்று காற்றை இழுக்கும்வரை
உறிஞ்சினேன்.
நிபியா கையை நீட்டினாள்,
என் வாயையே பார்த்துக்கொண்டு.

பல்லைக் கடித்தபடி
குடுவையைத் திருப்பிக் கொடுத்தேன்.