கூண்டு எண்

பாம்பன் துறைமுகக் கம்பத்தில்
கூண்டு ஏற்றுவது என் வேலை.
பி.எஸ்ஸி. இயற்பியல், இராமநாதபுரம்.
கயிறு இழுக்க அது போதும்.

ஒன்பது ஏறினால் கீழே சைக்கிளை நிறுத்தி
"எட்டுக்கு ஒண்ணு கூடவா?" என்பார்
ஐஸ் கம்பெனி ஹபீப்கனி.
இல்லை பாய்.
எட்டென்றால் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுப் புயல் போகும்,
ஒன்பதென்றால் வலப்பக்கம்.
பலம் ஒன்றே. பக்கம்தான் வேறு.
"அப்ப நம்பர் எதுக்கு?"
தராசு பிடித்தவரின் கோபம்,
பெடலில் தெரியும்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை.
பெருசு என்கிற சொல்லே இங்கு நங்கூரம் போட்டு நிற்பதில்லை.
என் பெரியப்பா நாலே முக்கால் அடி.
பன்னிரண்டு வயதில் என் தங்கை பெரிய மனுசி.
திருக்கை முள் ஏறிய காலோடு கரையில் இறங்கி
பெருசா ஒண்ணுமில்ல என்கிறான் சூசை,
மணலெல்லாம் ரத்தம்.

நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகம் என்கிறது வானொலி.
யாரும் வலையை மடிக்கவில்லை.
எந்தக் காத்து?
வாடையா, கொண்டலா, சோளகமா?
திசை சொல்லாத வேகம்
இவர்களுக்குக் காற்றே இல்லை.

நட்சத்திரக் கணக்கு தலைகீழ்.
விடிவெள்ளிக்கு மைனஸ் நாலு.
மங்க மங்க எண் ஏறும்,
ஆறோடு வெறுங்கண் தீரும்.

கார்த்திகைக் கடைசி வாடையில்
தென்கடலில் கட்டியிருந்த இன்னாசியின் வல்லம்
கயிறறுத்துக்கொண்டு போனது.
அணியத்தில் அணைக்க மறந்த பேட்டரி விளக்கு.
இருவரும் நின்று பார்த்தோம்.
முதலில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம்.
குருசடைத் தீவுக்கு நேரே இரண்டு.
மூன்று.
மழை மறைத்து விலகியபோது நாலரை.
பிறகு ஆறு.
பிறகு கடல் மட்டும்.

"அந்தா" என்றார்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.

காலையில் அறிக்கை.
சேதம் என்ற கட்டத்தில்
'பெரிதாக இல்லை' என எழுதச் சொன்னது தொலைபேசி.
எழுதினேன்.
பதினெட்டு அடி,
சங்கக் கடன் இன்னும் பதினாலு தவணை,
தெற்கே, கொஞ்சம் மேற்கு சாய்ந்து:
இவற்றுக்குக் கட்டம் இல்லை.

கூண்டை இறக்கினேன். துருப்பிடித்த கப்பி கிறீச்சிட்டது.
கம்பத்தடியில் இன்னாசி,
கையைக் கண்ணுக்குமேல் வைத்து,
உச்சி வெயிலில்.

அவருக்கு இன்னும்
ஆறு ஆகவில்லை.