கழிவு போக

போனஸ் அறுநூற்றுச் சொச்சம் வெள்ளி.
வந்த கிழமையும் வெள்ளி.
சட்டையில் மில் வாடை போகாமலே
பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே
லிம் கடைக் கண்ணாடிப் பெட்டி முன்
நானும் வடமலையும் நின்றோம்.

பதினொரு கேமரா, சிகரெட் பெட்டி அளவில்.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஓர் எண்:
எட்டு, பத்து, பன்னிரண்டு.
"பன்னெண்டு எடு தங்கச்சி, பெரிசு நல்லது"
என்றார் லிம், தோட்டத்துத் தமிழில்.

பதினான்கு வருஷமாக
மில் எடைமேடையில் கணக்கு எழுதுகிறேன்.
பெரிய எண்ணைக் கண்டால்
எதைக் கழிக்கலாம் என்றுதான் கை போகும்.
நீளக் காம்புக்கு இவ்வளவு,
நனைந்த குலைக்கு இவ்வளவு,
காய்க்கு, அழுகலுக்கு.
கழித்தது போக மிஞ்சுவதற்குத்தான் காசு.

அதனால் கேட்டேன்:
இந்தப் பன்னிரண்டில் காம்பு எவ்வளவு?

லிம் சிரித்தார்.
விடுமுறைக்கு வந்திருந்த மகன் சிரிக்கவில்லை.
படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்குவீர்களா
என்று கேட்டான்.
எங்கள் சுவரில் ஏற்கெனவே
ஒரு கடிகாரம், இரண்டு சாமி,
வட்டிக்கடைக் காலண்டர்.
இல்லை என்றேன்.
அப்போ எட்டே போதும்.

டிஜிட்டல் ஜூம்?
இருப்பதையே ஊதிக் காட்டுவது என்றான்.
மழையில் நனைந்த குலை. கழி.
பனியில் எடுக்க ஒரு பொத்தான்.
பகாவில் பனி! கழி.
வாணவேடிக்கைக்கு ஒன்று.
இருக்கட்டும், தீபாவளிக்கு ஆகும்.
பேட்டரி தனி ரகமா,
மளிகைக் கடையில் கிடைக்கிறதா?
சார்ஜர் தொலைந்தால் சிரம்பான் வரை போகணுமா?
இதை மட்டும் இரண்டு தடவை கேட்டேன்.

"இது முகத்தைத் தானே தேடிப் பிடிக்கும்"
வெள்ளி நிறத்தில் ஒன்றை நீட்டினார் லிம்.
பச்சைக் கட்டம்.
லிம்மைப் பிடித்தது, மகனைப் பிடித்தது,
பால்மாவு டின்னில் சிரிக்கிற
குழந்தையைக்கூடப் பிடித்தது.

வடமலை பக்கம் திருப்பினேன்.
கட்டம் கொஞ்சம் அலைந்தது.
அவர் தோளைத் தாண்டிப் போய்
காற்றாடி விளம்பரத்துப் பெண்ணின் மேல்
உட்கார்ந்துகொண்டது.

கிட்டப் போனேன்.
வெளிச்சம் பத்தவில்லை என்று
லிம் இன்னொரு குழல்விளக்கைப் போட்டார்.
இருபது வருஷம் வெயிலில்
குலை வெட்டுகிற மனிதர்
தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார்.
"தலை சீவிக்கவா?" என்றார்.

கடையில் கொஞ்ச நேரம்
யாரும் எதுவும் பேசவில்லை.
மகன் தலை குனிந்து
பெட்டி முழுவதையும் திறந்துவிட்டான்.

அதன் பிறகு நான் எண் எதையும் படிக்கவில்லை.
ஒவ்வொன்றாக எடுத்து
அவரை நோக்கிப் பிடித்தேன்.
கறுப்பு. சிவப்பு. விலை கூடின நீலம்.
காற்றாடிப் பெண்ணுக்குத்தான்
அன்றைக்கு நல்ல யோகம்.

ஒன்பதாவது, கண்ணாடிக்குள் காட்சிக்கு வைத்தது.
அட்டைப்பெட்டி இல்லை,
லென்ஸ் ஓரத்தில் கீறல்,
பேட்டரி தனி ரகம்.
கட்டம் நடுங்கியது,
ஒரு தடவை அணைந்தது,
பிறகு அவர் நெற்றியிலிருந்து மோவாய் வரை
பச்சையாக நின்றது.

"என்னைப் பாத்துடுச்சா?" என்றார்.

பாத்துடுச்சு.
ஆனாலும் கீறலுக்கு நாற்பது வெள்ளி
கழித்த பிறகுதான் பணத்தை எண்ணினேன்.
லிம் முனகினார்,
பழைய உறை ஒன்றைச் சும்மா கொடுத்தார்.

முதல் படத்தில் வடமலைக்குக் கண் மூடியிருக்கிறது.
மூலையில் தேதி, ரெண்டாயிரத்து ஆறு ஜனவரி ஒன்று.
அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தோமோ.

திரும்பும் பஸ்ஸில் கேமரா அவர் கையில்.
இருட்டும் முன்
ஜன்னலுக்கு வெளியே செம்பனை வரிசை ஓட,
திரையில் கட்டம்
மரம் மரமாகத் தேடிக்கொண்டே வந்தது.
ஐந்தாம் கட்டைப் பாலத்தருகே
எதையோ பிடித்தது.
யாரென்று நான் எட்டிப் பார்ப்பதற்குள்
பஸ் திரும்பிவிட்டது.